முள் ஐந்தா, ஆறா

ஹெர்மினியா ரெலூசியோவுக்கு மனுஷர்களைக் கண்டாலே ஆகாது என்று மணிலாவுக்குத் தெற்கே, அவள் மீனியல் பாடம் நடத்துகிற நாகா நகரத்துக் கல்லூரியில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அவளுக்கு முட்டாள்களைக் கண்டால்தான் ஆகாது. முட்டாளில்லாத ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். துறைத் தலைவர் மீன்களின் பெயரைப் பிழையாக எழுதுகிறவர். அவருக்கு முன்னால் இருந்தவர் அந்தப் பிழைகளை அச்சில் ஏற்றியவர். மாணவர்கள் செவுளையும் துடுப்பையும் மாற்றிச் சொல்லிவிட்டு அதற்குச் சிரிக்கவும் செய்கிறவர்கள். புருஷன் செபு தீவுக்கு வேலை தேடிப் போய் அங்கேயே தங்கிவிட்டான். "அந்த ஆள் ஆயுசுல உருப்படியா செஞ்ச ஒரே காரியம் அதுதான்" என்று அவளே சொல்வாள்.

ஆனால் உளுவை மீன் என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கையளவு வளர்ந்து சந்தைக்கு வருகிற உளுவையைச் சொல்லவில்லை. அதைப் பச்சைக் குழந்தையும் அடையாளம் சொல்லிவிடும். நன்னீரில் நகக்கண் அளவே வளர்ந்து, கண்ணாடித் துண்டுபோல ஊடுருவித் தெரிகிற பொடி உளுவைகள் இருக்கின்றனவே, ஒன்றை உரித்து வைத்த மாதிரி இன்னொன்று, அவற்றைப் பிரித்துப் பெயர் சொல்ல பிக்கோல் வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது.

சான் எலியாஸ் ஏரி விவகாரம் அவளிடம் ஒரு மயோனைஸ் பாட்டிலில் வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவர் சான் எலியாஸ் மேயர் டெல்ஃபின் போலோவான். கூடவே அவருடைய மச்சான் ருஃபோ. மேயர் சிரித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. ருஃபோவின் கழுத்துச் சங்கிலி அவன் கழுத்தைவிடக் கனமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் உட்காரச் சொல்வதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"டாக்டரம்மா, இதுல இருக்கிறது என்ன மீனுன்னு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் மேயர்.

ஹெர்மினியா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மீனா? பழைய சோத்துப் பருக்கை மாதிரியில்ல இருக்கு. எதுல ஊற வெச்சீங்க?"

"நாங்க எங்க வெச்சோம்? ரேடியோக்காரன் செட்டோ வெச்சான். ஜின்னுல."

"ஜின்னுலயா?"

"மட்டமான ஜின்னு" என்றான் ருஃபோ. "பாதிய அவன் ஊத்திக்கிட்டிருப்பான். மீதியிலதான் மீனு."

செட்டோ என்ற பெயரைக் கேட்டதும் ஹெர்மினியாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அனிசெட்டோ மகீனோ. ஒரு காலத்தில் அவளிடம் படிக்க வந்து, மீனை அறுத்துப் பார்க்க மனசு வரவில்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பாதியில் போனவன். இப்போது உள்ளூர் வானொலியில் தினமும் காலையில் ஏரியைப் பற்றி உருகுகிறான். 'ஏரித்தாயின் கண்ணீர்த்துளி' என்பான். பின்னணியில் கிடார் அழும். ஜீப்னி என்கிற ஊர்வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதை வைத்துத் தொலைப்பதால், கல்லூரிக்குப் போகிற வழியில் அவள் தப்பிக்க முடியாமல் கேட்டாக வேண்டும்.

விஷயம் இதுதான். சான் எலியாஸ் ஏரியில் ஒரு காலத்தில் சினரப்பான் என்கிற பொடி உளுவை இருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கொசுவலை போன்ற வலையால் அள்ளி, தேங்காய்ப்பாலும் மிளகாயும் போட்டுச் சமைப்பார்கள். பிறகு ஏரிக்குள் மூங்கில் கூண்டுகள் வந்தன. கூண்டுக்குள் ஜிலேபி மீன் வளர்த்தார்கள். தீவனம் அடியில் போய் அழுகித் தண்ணீர் கெட்டது, சினரப்பானும் போய்ச் சேர்ந்தது. கூண்டுகளில் முக்கால்வாசி ருஃபோவுடையவை. ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற கிழக்கு மூலை மட்டும்தான் தெளிவாக மிஞ்சியிருந்தது. ருஃபோவுக்கு இப்போது அந்த மூலையும் வேண்டும். ஆனால் சினரப்பான் வாழ்கிற இடத்தில் கூண்டு போடக்கூடாது என்று மாகாண விதி. அந்த நேரம் பார்த்து, கிழக்கு மூலையில் சினரப்பான் திரும்பி வந்துவிட்டது என்று கரையோரத்துப் பெண்கள் கிளம்பி, காலி சோடா பாட்டில்களைக் கயிற்றில் கோத்து அந்த இடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். செட்டோ அதற்கு ஒரு பாட்டும் எழுதிவிட்டான்.

"அவளுங்க புடிச்சு, சாட்சின்னு எங்ககிட்ட குடுத்தது இந்தப் பாட்டில்" என்றார் மேயர். "நீங்க சினரப்பான்னு சொன்னா நான் தலைவணங்குறேன். இல்லைன்னு சொன்னா..."

"இல்லைன்னு சொன்னா உங்க மச்சானுக்குக் கல்யாணம்."

மேயர் சத்தமாகச் சிரித்தார். ருஃபோ சிரிக்கவில்லை, தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"போயிட்டு வாங்க. பார்த்துச் சொல்றேன்."

அவர்கள் போனதும் நாற்காலிகளைத் துடைத்துவிட்டு நுண்நோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஜின்னில் கிடந்த மீன்கள் வெந்த ரவைபோல வெளுத்து, உடல் முறுக்கிக் கிடந்தன. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே இருந்து பார்க்க வழியில்லை. பாதிக்கு வால் இல்லை. நல்லதாக ஒன்றை எடுத்து, முதுகில் முன்னால் இருக்கிற துடுப்பை ஊசியால் விரித்தாள். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. சினரப்பானுக்கு அந்தத் துடுப்பில் முள் இரண்டோ மூன்றோ, அதுவும் நோஞ்சானாக. சந்தை உளுவைக்கு ஆறு, குஞ்சிலிருந்தே ஆறு.

எண்ணினாள். ஐந்து.

இன்னொன்றை எடுத்தாள். நான்கு தெரிந்தது, ஐந்தாவது பாதி ஒடிந்திருந்தது. மூன்றாவது மீனில் மறுபடி ஐந்து.

சினரப்பான் இல்லை. அது தீர்ந்தது. அப்படியானால் உளுவைக் குஞ்சு. ஆறாவது முள்? ஒடிந்திருக்கும். ஜின்னில் போட்டுக் குலுக்கினால் முள் என்ன, முதுகெலும்பே ஒடியும். அந்தக் கிறுக்கன் செட்டோ ஒரு உருப்படியான மீனைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவன், அவன் கெடுத்த முள்ளுக்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும்? வயிற்றைக் கீறிப் பார்த்திருக்கலாம். கையில் கத்தியும் இருந்தது. சந்தையில் குப்பையோடு குப்பையாகக் கிடக்கிற குஞ்சுக்காக அந்தச் சிரமம் தேவையில்லை என்று கத்தியைக் கழுவி வைத்துவிட்டாள். சாதாரண உளுவையின் குஞ்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, நாளைக் காலை வானொலியில் அவன் முகம் போகிற போக்கை நினைத்து அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. வானொலியில் முகம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

மேயரின் ஆட்கள் கயிற்றை அறுத்தார்கள். செட்டோ சும்மா இருப்பானா? "நாகாவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மையார், நம் ஏரித்தாயின் குழந்தையை அடையாளம் தெரியாது என்று கைவிட்டுவிட்டார்" என்று கிடாரோடு ஆரம்பித்தான். விலைபோய்விட்டாள் என்று நேராகச் சொல்லவில்லை; சொல்லாமல் சொன்னான். ஹெர்மினியாவுக்கு அதில்கூட அவ்வளவு ஆத்திரமில்லை. அதே பேச்சில் அவன் உளுவையின் விஞ்ஞானப் பெயரைக் கடித்துத் துப்பினான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அவளுடைய அறையில் குளிரூட்டி வேறு கிடையாது.

கூண்டுக்கு அனுமதி தருவதற்கு முன் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். மேயர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க வரணும்னு அவசியமில்ல டாக்டரம்மா, எழுதிக் குடுத்ததே போதும்."

"வர்றேன்" என்றாள் ஹெர்மினியா. "நுண்நோக்கியோட வர்றேன், அதுல தெரியறதைப் பெரிசாப் போட்டுக் காட்டுறேன். ஒரு வெள்ளை விரிப்பு மட்டும் கட்டி வைங்க. அந்த ஆளு வாயை ஒரேயடியா மூடிட்டுத்தான் மறுவேலை."

சான் எலியாஸில் கூட்டம் என்றால் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம்தான். கூடையின் வளையத்துக்குக் கீழே படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். வெயில் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் மேயரின் பிறந்தநாள் பேனர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மேயர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் பொட்டலம் பொட்டலமாக பான்சித் நூடுல்ஸ் கை மாறியது. ஊரில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருந்தார்கள் என்பது ஹெர்மினியாவின் கணிப்பு. பாதி என்றது தாராளம்.

முன்வரிசையில் கரையோரப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி பசிலியா; அகலமான தோள், ரப்பர் செருப்பு, மடியில் தண்ணீரும் மீனும் நிரம்பிய பிளாஸ்டிக் பை. ஹெர்மினியா நுண்நோக்கியின் மின்கம்பிகளைச் செருகிக்கொண்டிருந்தபோது அவள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க வாத்தியாரம்மா! எங்க மீனு கொழந்தைன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"அப்ப அதோட ஆத்தா எங்க? நானும் பிறந்ததுலேருந்து அந்த மூலையில வலை போடுறேன், ஒரு பெரிய உளுவைகூட அங்க வந்ததில்ல. புள்ளைங்க எல்லாம் அனாதையா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"மீனுங்க உன்னை மாதிரி ஒரே இடத்துல உக்காந்து வம்பளக்கிறதில்லம்மா" என்றாள் ஹெர்மினியா. "ஆத்துல முட்டையிடும், குஞ்சு ஏரிக்கு வரும்."

"வம்பளக்கத்தான் நாங்களும் வந்திருக்கோம். நடத்துங்க."

செட்டோ வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மணிமாலை, கண்ணில் ஏற்கெனவே ஈரம். பசிலியாவின் மடியிலிருந்த பையை வாங்கி, பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்துவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

"மேடம், உங்ககிட்ட நான் படிச்சவன். உங்க மேல மரியாதை உண்டு. ஆனா நீங்க பார்த்தது பிணங்களை. இதோ உயிர்! உயிரைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

"பிணமாக்கினது நீதானடா. ஜின்னுல போட்டு."

"அவசரத்துக்கு..."

"பையக் கீழ எறக்கு. மீனு குலுங்குது."

சின்னக் கண்ணாடித் தட்டில் ஒரே ஒரு மீனை விட்டு, அசையாதபடி தண்ணீரைக் குறைத்து, விளக்கைப் போட்டாள். வளையத்துக்குக் கீழே விரிப்பு வெளுத்தது. பிறகு அதில் ஒரு பெரிய மங்கல் உருவம் மிதந்தது. திருகியைக் கொஞ்சம் திருப்பினாள். உருவம் துலங்கியது.

மைதானமே வாயைப் பிளந்தது. விரல் நகத்தில் காணாமல் போகிற மீன், ஒரு ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது. உடம்பு முழுக்கக் கண்ணாடி. முதுகெலும்பு சீப்புப்போல வரிசையாகத் தெரிந்தது. செவுளுக்குப் பின்னால் இதயம் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் காற்றுப்பை வெள்ளிபோல மின்னியது. அதற்கும் கீழே...

ஹெர்மினியாவின் கை திருகியிலேயே நின்றது.

அடிவயிற்றில், ஊறவைத்த ஜவ்வரிசியை அடுக்கிவைத்த மாதிரி, உருண்டை உருண்டையாக நெருக்கிக்கொண்டு முட்டைகள். வயிற்றையே பிதுக்கிக்கொண்டு. இன்றோ நாளையோ இடுகிற பக்குவத்தில்.

"பாருங்க மக்களே!" செட்டோவின் குரல் உடைந்தது. "இதயம்! சினரப்பானோட இதயம்! அந்த வயித்தைப் பாருங்க, நம்ம ஏரித்தாய் அதுக்கு வயிறு நிறையச் சோறு போட்டிருக்கா!"

அவன் முட்டையைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். சோறு என்று.

மேயர் முதல் ஆளாகக் கைதட்டினார். "ரொம்ப அருமையான காட்சி, டாக்டரம்மா. குஞ்சுன்னு எல்லாரும் கண்ணால பார்த்தாச்சு. நல்லா சாப்பிட்டு வளர்ற குஞ்சு. அப்ப அடுத்த வேலையைப் பார்க்கலாமா?"

ஹெர்மினியா அந்தக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். ருஃபோ கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பசிலியா விரிப்பைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் அவள். விளக்கை அணைத்தால் முடிந்தது. மீனைப் பைக்குள் விட்டுவிட்டுப் பெட்டியை மூடினால், சாயங்காலம் நாகாவில் காப்பி குடிக்கலாம். யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலும் தெரியாது.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் தப்பைப் பிடிக்க இந்தக் கூட்டத்தில் ஒரு ஆளுக்குக்கூட வக்கில்லை. முட்டையைச் சோறு என்கிறவனும், சோறு என்றதும் கைதட்டுகிறவனும். இவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு ஹெர்மினியா ரெலூசியோ எதற்கு? அதைத் துறைத் தலைவரே செய்துவிடுவார். இவர்களிடம் பொய் சொல்லித் தப்புவது, இவர்களோடு சமமாக உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் நூடுல்ஸ் தின்பதைவிடக் கேவலமாக அவளுக்குப் பட்டது.

"டேய் செட்டோ" என்றாள். ஒலிபெருக்கி அவள் கையில்தான் இருந்தது. "அது சோறில்லடா மடையா. முட்டை."

செட்டோ விரிப்புக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தான்.

"முட்டைன்னா?" என்றார் மேயர்.

"முட்டைன்னா முட்டைதான் மேயர். இது பொட்டை மீனு. சினை பிடிச்சிருக்கு. குஞ்சு சினை பிடிக்காது. உங்க வீட்டுத் தொட்டில்ல கிடக்கிற பிள்ளை பிரசவத்துக்குப் போகுமா? போகாதில்ல? இது முழுசா வளர்ந்த மீனு. இதுக்கு மேல இது வளராது. நான் எழுதிக் குடுத்தது தப்பு."

பின்வரிசையில் பொட்டலங்கள் கை மாறுவது நின்றது.

"அன்னைக்கே வயித்தைக் கீறியிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கீறல" என்றாள், யாரையோ திட்டுகிற குரலில். "அஞ்சு முள்ளு எண்ணினேன். ஆறாவது ஒடிஞ்சிருக்கும்னு நானா சேர்த்துக்கிட்டேன். ஒடியல. இந்தா, உயிரோட இருக்கிற மீனு, எண்ணிப் பாருங்க." திருகியை நகர்த்தினாள். முதுகுத் துடுப்பு விரிப்பு முழுக்க விரிந்தது. கூட்டமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாய்விட்டு எண்ணியது. ஐந்தில் நின்றது.

செட்டோவின் கண்ணில் தாரை தாரையாக வழிந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேடையில் ஏறினான். "சினரப்பான்! மக்களே, சினரப்பான் திரும்பி..."

"இறங்குடா கீழ. சினரப்பானும் இல்ல."

"மேடம்?"

"சினரப்பானுக்கு மூணு முள்ளுக்கு மேல கிடையாது. இப்பதான ஊரோட சேர்ந்து அஞ்சு எண்ணின? எண்ணத் தெரியும், கழிக்கத் தெரியாதா?"

பசிலியா வாய்விட்டுச் சிரித்தாள். கூடவே மற்றப் பெண்களும். அந்த இடத்தில் மேயர் சுதாரித்துக்கொண்டார். அரசியல்வாதிக்கு மீன் தெரியாவிட்டாலும் விதி தெரியும்.

"அப்ப டாக்டரம்மா, சினரப்பான் இல்லைங்கிறது உறுதி. சினரப்பான் இல்லைன்னா விதியும் இல்ல. சரிதானே?"

"உங்களுக்கு அனுமதி எதை வெச்சு வரணும்? சாதாரண உளுவைக் குஞ்சுன்னு நான் சொன்னதை வெச்சு. அதை நான் இப்ப வாபஸ் வாங்கிட்டேன். இது என்ன மீனுன்னு எனக்கே தெரியாது. தெரியாத மீனு இருக்கிற இடத்துல ஒரு மூங்கில் நட்டாலும், மாகாணத்துக்கு நானே போய் நிப்பேன்."

"ஒரு அரிசி அளவு மீனுக்காகவா?" ருஃபோ எழுந்துவிட்டான். "யக்கா, உனக்குப் பைத்தியமா?"

"யாருடா உனக்கு அக்கா? உக்காரு. சங்கிலி அறுந்துடப் போகுது."

அன்று அவளுக்குக் கைதட்டியவர் யாருமில்லை. மேயர் தரப்புக்குக் கோபம், செட்டோவுக்கு மனம் உடைந்துபோனது. பசிலியா மட்டும் பையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்போது சொன்னாள்: "தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க, அது சரி. ஆனா ஒத்துக்கும்போதும் எங்களையே திட்டுறீங்களே, அது எந்த ஊரு பழக்கம்?"

"நாகா" என்றாள் ஹெர்மினியா.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது அவள் சான் எலியாஸுக்குப் போனாள். பசிலியாவின் படகில் போய்த் தன் கையாலேயே மீனை அள்ளி, சரியான திரவத்தில் போட்டு எடுத்து வந்தாள். படகில் உட்காரத் தெரியவில்லை, துடுப்புப் பிடிக்கத் தெரியவில்லை, வெயிலுக்குத் தொப்பி வைக்கத் தெரியவில்லை என்று பசிலியா அவளைப் போகும்போதும் வரும்போதும் வறுத்தெடுத்தாள். அவளும் வலையைப் பற்றித் தன் பங்குக்குக் குறை சொன்னாள். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

கல்லூரியில் அவள் இன்னொரு வேலையும் ஆரம்பித்திருந்தாள். அலமாரியில் அவள் பெயர் சொல்லி ஒட்டிவைத்த பழைய புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "அதான் நீங்களே பார்த்ததாச்சே, மறுபடி எதுக்கு?" என்றார்.

"பார்த்தவ சரியில்ல."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். இரண்டு புட்டிகளில் பெயர் தப்பாக இருந்தது. அதில் ஒன்று, அன்று எண்ணும்போதே சந்தேகம் வந்து, சந்தேகத்தை மதிக்காமல் விட்டது. அந்த நாள் அவளுக்கு நினைவிலிருந்தது. பரிசோதனைக்கு மீனைக் கொண்டுவந்தவன் செருப்போடு உள்ளே வந்துவிட்டான் என்று அவள் எரிச்சலில் இருந்தாள். தப்பை இன்னார் தலையில் என்று தள்ளிவிட யாருமில்லாமல் இப்போது ஒரு நாள் முழுக்க அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திருத்தி ஒட்டினாள்.

ஏரி மீனின் அடையாளம் மணிலாவில் தீர்ந்தது. அருங்காட்சியகத்தில் யாரோ எப்போதோ பிடித்து வைத்த பழைய மீன்களோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். பல், முள், தலையின் அகலம், எல்லாம் பொருந்தியது. புது இனம் இல்லை. இதே தீவில் வடக்கே இருக்கிற பெரிய ஏரியில் எப்போதோ பெயர் வைத்துவிட்ட மீன். தெற்கே இதுவரை யாரும் பிடித்துப் பார்த்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான். அரிதென்று சொல்ல முடியாது. சட்டம் எதுவும் அதைக் காப்பாற்றாது. உலகப் புகழ் கிடைக்கிற மீனும் இல்லை. இவ்வளவு அலைச்சலுக்கு இதுதானா என்று தோன்றியது. அதற்காக ஒரு முள்ளைக் கூட்டவோ குறைக்கவோ அவள் இனித் தயாராக இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி மாகாணத்துக்கு ஒன்றும் மேயருக்கு ஒன்றும் அனுப்பினாள்.

மேயர் தொலைபேசியில் துள்ளினார். "அப்ப மூங்கில் நடலாம்!"

"சட்டப்படி நடலாம். புத்தி இருந்தா நடக்கூடாது."

"புத்திய நாங்க பார்த்துக்குறோம், டாக்டரம்மா."

ஆனால் ருஃபோவுக்கு மூங்கில் நட நேரம் வாய்க்கவில்லை. மழைக்காலம் தொடங்கி, மேலே குளிர்ந்த தண்ணீர் இறங்கி அடித் தண்ணீர் புரண்டது. அடியில் அத்தனை காலம் அழுகிக் கிடந்த தீவனம் மேலே கிளம்பியது. ஏரி முட்டை அழுகிய வாடை அடித்தது. கூண்டுக்குள் இருந்த ஜிலேபி மீன்களுக்கு ஓட வழியில்லை. மொத்தமும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு செத்த மீனை மண்ணுக்குள் தள்ளியது. ருஃபோ கூண்டுகளைப் பிரித்து மூங்கிலை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, லெகாஸ்பி நகரத்தில் பழைய வண்டி விற்கிற தொழிலுக்குப் போய்விட்டான். மேயர் அவனைத் தெரியாத மாதிரியே பேச ஆரம்பித்தார். செட்டோ மட்டும், ஏரித்தாய் தன் குழந்தைக்காகப் பழிவாங்கிவிட்டாள் என்று ஒரு வாரம் கிடாரோடு அழுதான்.

ஊற்று விழுகிற கிழக்கு மூலை தப்பியது. அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் தப்பியது. ஹெர்மினியாவின் எழுத்தாலும் இல்லை, செட்டோவின் பாட்டாலும் இல்லை. அவள் போய்ப் பார்த்தபோது பொடி மீன்கள் கூட்டம் கூட்டமாக, நிழல்கூட விழாமல், பாசியோரம் நின்றுகொண்டிருந்தன.

"இப்பவாச்சும் பேர் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் பசிலியா, கரையில் அடுப்பை ஊதிக்கொண்டே.

ஹெர்மினியா விஞ்ஞானப் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பசிலியா ஒரு தரம் சொல்லிப் பார்த்து, பாதியில் விட்டாள்.

"மீனு இவ்வளவு, பேரு அவ்வளவா? வலையில மீனு ஒழுகிப் போயிடும், பேருதான் மாட்டும். நாங்க சினரப்பான்னே சொல்லிக்கிறோம்."

"அது சினரப்பான் இல்ல."

"தெரியும். ஊரே எண்ணுச்சே. இருந்தாலும் சொல்லுவோம்."

ஹெர்மினியா எதிர்த்துப் பேச வாயெடுத்தாள். பசிலியா அதற்குள் வாழையிலையை விரித்து, சோற்றின் பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த பொடி மீனைக் கரண்டியால் கொட்டினாள். மிளகாய் கண்ணுக்கே எரிந்தது. ஹெர்மினியா முதல் கவளத்தை வாயில் போட்டு மென்றாள்.

"உப்பு கம்மி."

"உங்களுக்கு அடுப்புப் பக்கமே போய்ப் பழக்கமில்ல, நாக்கு மட்டும் வக்கணை" என்ற பசிலியா, ஒரு துளி எடுத்து நக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து, உப்பு டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

ஹெர்மினியா உப்பைத் தூவிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி இலையை நகர்த்தினாள்.